நாலாம் நம்பரும் றொஷானியின் நிறையும்

பொனிபஸ் கராஜில் நின்று மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தார். இரண்டு கதிரைகளுக்குக் குறுக்கே கவிழ்த்து வைத்த பனிச்சறுக்குப் பலகையின் அடிப்பக்கத்தில், முதல்நாள் அயன் பெட்டியால் உருக்கிப் பூசிய மெழுகு இறுகிக் கிடந்தது. பிளாஸ்டிக் தகடு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து, நுனியிலிருந்து வால்வரை இடையில் நிறுத்தாமல் இழுத்தார். மெழுகு சுருள் சுருளாக எழும்பி அவருடைய செருப்பில் விழுந்தது. அந்த அயன் பெட்டி முன்பு பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்புக்கு இருந்தது. மகள் தாதி வேலை கிடைத்து சிட்னியில் வெஸ்ட்மீட்டுக்குப் போய்விட்டாள். மகன் எந்த உடுப்பையும் அயன் பண்ணிப் போடுகிறவன் அல்ல. ஆகவே பெட்டி கராஜுக்கு வந்துவிட்டது.

ஆறு சோடிப் பலகைகள் சுவரோரம் நின்றன. ஒன்றிலும் பெயரோ படமோ இல்லை. ஒவ்வொன்றிலும் ஒட்டுநாடாவில் ஒரு நம்பர் மட்டும். இன்னும் கடைக்குப் போகாத, போகுமா என்றும் தெரியாத பலகைகள். பொனிபஸின் மனைவி றொஷானி வேலை செய்யும் பட்டறையில் செய்தவை. விடிந்தால் அவற்றை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஹோத்தம் மலைக்குப் போக வேண்டும். அங்கே ஆறு பெண்கள் மாறி மாறி ஓடிப் பார்த்து, எது நல்லது என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்த ஆறு பேரில் றொஷானியும் ஒருத்தி.

“நிறைப் பேப்பரைத் தாரும்,” என்றார் பொனிபஸ், அவள் குசினிக் கதவால் எட்டிப் பார்த்தபோது. “உம்மட பூட்டை இஞ்சயே வைச்சுவிடுறன். மற்றாக்களுக்கு மலையிலை வைப்பம்.”

சப்பாத்தைப் பலகையோடு பிடித்து வைக்கும் பூட்டுக்கு முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று ஸ்குரூ உண்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னக் கண்ணாடி, அதற்குள் நம்பர். இறுக்கம் கூடினால் விழும்போது பூட்டுக் கழலாது, கால் முறியும். குறைந்தால் நல்லாய்ப் போய்க்கொண்டிருக்கும்போதே கழன்று ஆளைத் தூக்கி எறியும். யாருக்கு எத்தனை என்று ஓர் அட்டவணை இருக்கிறது. உயரம், வயது, சப்பாத்தின் நீளம் எல்லாம் பார்ப்பார்கள். முக்கியமாக நிறை பார்ப்பார்கள்.

பொனிபஸ் டண்டினோங் பஸ் டிப்போவில் மெக்கானிக். பனியில் கால் வைக்க மாட்டார். ஆனால் பட்டறைக்காரர் நடத்திய பூட்டு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் எடுத்தவர். வருசத்துக்கு ஒருக்கா வானையும் ஓட்டி, மலையில் பூட்டும் வைத்துக் கொடுப்பார். பேப்பரில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் வைப்பார். டிப்போவிலும் அப்படித்தான்.

அவர் பேப்பரை வெளிச்சத்தில் பிடித்தார். றொஷானி, அறுபத்தைந்து கிலோ. கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார்.

“என்ன பாக்கிறியள்?”

“ஒண்டுமில்லை. எழுத்து வடிவாயிருக்கு.”

அவளுடைய முதல் சோடியின் ஸ்குரூக்களை ஆறில் வைத்தார்.

அந்த அறுபத்தைந்து ஒரு காலத்தில் ஏறக்குறைய உண்மை. றொஷானி மன்னார் பேசாலையில் பிறந்தவள். கலியாணம் கட்டி இரண்டாயிரத்து மூன்றில் மெல்பனுக்கு வந்து, கரவன் வண்டிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஃபைபர்கிளாஸ் துணியை ரெசினில் நனைத்து ஒட்டும் வேலையில் சேர்ந்தாள். பன்னிரண்டு வருசம் அந்த வேலை. பிறகு அந்தத் தொழிற்சாலை பூட்டிவிட்டது. கொஞ்சக் காலம் வீட்டில் இருந்தாள். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு சின்னப் பட்டறைக்குத் துணி ஒட்டத் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனாள். என்ன செய்கிறார்கள் என்று வேலை கிடைத்த பிறகுதான் கேட்டாள். பனிச்சறுக்குப் பலகை என்றார்கள். அவள் அதுவரை ஃபிரிட்ஜில் தவிர வேறெங்கும் பனி கண்டதில்லை.

முதல் வருசம் எல்லாரையும் மலைக்குக் கூட்டிப் போனார்கள். நாள் முழுக்க விழுந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது நொண்டினாள். கோயில் வாசலில் அன்னமலர் அன்ரி பிடித்துக்கொண்டார்.

“என்ன பிள்ளை, காலிலை?”

“வேலையிலை பனியிலை சறுக்கி விழுந்திட்டன் அன்ரி.”

“விழுறதுக்கும் சம்பளம் தாறாங்களோ? என்ர மனுசன் வீட்டிலை சும்மாதான் விழுறார். ஒருக்கா விசாரிச்சுச் சொல்லு.”

விழுந்தவள் விட்டுவிடவில்லை. ஏன் என்று அவளிடம் கேட்டால் சரியாகச் சொல்ல மாட்டாள். தான் ஒட்டிய பலகை தன் காலுக்குக் கீழே என்ன செய்கிறது என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான் என்பாள். ஐந்தாம் வருசம், மெஷின் ஓட்டித் தட்டையாக்கிய தடங்களை விட்டுவிட்டு மரங்களுக்கு இடையில், யாரும் மிதிக்காத பனியில் இறங்கத் தொடங்கினாள். ஃபிரீரைட் என்பது அதுதான். இதற்கு அகலமான பலகை வேண்டும். பெண்களுக்கென்று அப்படி ஒன்றைச் செய்யப் பட்டறை முடிவெடுத்தபோது, பரிசோதிப்பவர்களில் அவளையும் சேர்த்தார்கள். படிவம் கையில் வந்தது. நிறை என்ற கட்டத்தைச் சுற்றி நாலு ஆண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலையில் சேர்ந்தபோது மருத்துவப் படிவத்தில் இருந்த எண்ணையே எழுதினாள். அடுத்த வருசம் போன வருசத்துப் படிவத்தைப் பார்த்து எழுதினாள். அதற்கடுத்த வருசமும் அப்படியே.

வீட்டில் தராசு இல்லாமல் இல்லை. ஆனால் அது ஆளை நிறுக்க அல்ல, ஊருக்குப் போகும்போது பெட்டியை நிறுக்க. பெட்டியைத் தனியே வைத்தால் நம்பர் மறைந்துவிடும். அதனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் ஏறி நிற்க வேண்டும், பிறகு அந்த ஆளின் நிறையைக் கழிக்க வேண்டும். எப்போதும் பொனிபஸ்தான் ஏறுவார். போன மார்கழியில் அவருக்குத் தோளில் பிடிப்பு. றொஷானி ஏறினாள். பொனிபஸ் குனிந்து நூற்றுப் பன்னிரண்டு என்று வாசித்தார்.

“எழுபத்திநாலைக் கழியுங்கோ,” என்றாள் அவள். வீட்டில் உண்மை சொல்லலாம் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னாள். கழித்தால் முப்பத்தெட்டு. விமானத்தில் முப்பதுதான் விடுவார்கள். எட்டுக் கிலோ எடுத்தாக வேண்டும். பால்மா, சொக்லேற், மச்சாளுக்கு வாங்கிய சப்பாத்து எல்லாம் வெளியே வந்தன. எயார்போர்ட்டில் பெட்டியை வைத்தால் இருபத்திரண்டு காட்டியது. “இவங்கட தராசு பிழை,” என்றாள் றொஷானி. பொனிபஸ் பெட்டியின் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆறு சோடியில் உண்மையான போட்டி இரண்டுக்கும் நாலுக்கும்தான். இரண்டாம் நம்பர் பழைய கதை. ஆண்களின் பலகையை எடுத்து, நீளத்தைக் குறைத்து, துணியில் ஒரு படை குறைத்து இளக்கமாக்குவது, கடைக்குப் போகும்போது மேலே பூப்படம் போடுவது. நாலாம் நம்பரை ப்ரீத்தி முதலிலிருந்து வரைந்திருந்தாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை, இருபத்தொன்பது வயது, பட்டறையின் ஒரே வடிவமைப்புப் பொறியியலாளர். பெண்ணுடைய இடுப்பும் முழங்காலும் பாரத்தை வைக்கும் இடம் வேறு, அதற்கேற்ற வளைவு வேண்டும், ஆனால் வால் இளக்கமாக இருக்கக்கூடாது என்பது அவள் வாதம். அவள் வரைந்ததை றொஷானி துணியைச் சாய்வாக வெட்டி, ஐந்து தடவை ஒட்டிக் கழற்றிச் செய்து கொடுத்தாள். பரிசோதனை நாளில் நாலு தோற்றால், பட்டறை முதலாளி மேகன் பழைய அச்சையே அடுத்த வருசத்துக்கும் பாவிப்பதாகச் சொல்லிவிட்டார். பிறகு பெண்களுக்கென்று புது அச்சு என்ற பேச்சே எழாது.

மலைக்குப் போய்ச் சேர்ந்த அன்று இரவே பனி கொட்டி, மறுநாள் நல்ல நாளாக விடிந்தது. பொனிபஸ் கார் நிறுத்துமிடத்துக் கொட்டகையில் ஹீற்றரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அட்டவணையைச் சுவரில் குத்தி, பலகை மாறும்போதெல்லாம் ஒவ்வொரு பெண்ணுக்கும் பூட்டு வைத்துக் கொடுத்தார். றொஷானி முதலில் இரண்டாம் நம்பரில் இறங்கினாள். மெத்தைபோல் வளைந்து கொடுத்தது. வேகம் எடுத்தால் நுனி துடித்தது. சரிதான், எதிர்பார்த்ததுதான். மெல்ல வந்து சேர்ந்தாள்.

அடுத்து நாலு. முதல் மூன்று திருப்பத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பலகை பிடித்தது. காலால் தள்ளினால் தள்ளிய அளவு திருப்பிக் கொடுத்தது. நாலாம் திருப்பத்தில் முழுப் பாரத்தையும் போட்டாள். பூட்டுக் கழன்று வலது கால் சும்மா ஆகாயத்தில் நின்றது. அடுத்த கணம் வாய் நிறையப் பனி. பலகையைத் தேடி எடுக்கக் கால்மணி நேரம் தோண்டினாள். மறுபடி பூட்டிக்கொண்டு இறங்கினாள். ஒரு யூக்கலிப்டஸ் மரத்தைச் சுற்றித் திரும்பும்போது இடது காலின் பூட்டுக் கழன்றது.

கீழே விடுதியில் ப்ரீத்தி மடிக்கணினியோடு இருந்தாள். றொஷானி படிவத்தில் ‘நல்ல பிடிப்பு, ஆனால் ஆளைக் கழற்றி எறிகிறது’ என்று எழுதி நீட்டினாள். ப்ரீத்தி இரண்டு தடவை வாசித்தாள்.

“ரொம்ப விறைப்பா பண்ணிட்டேன்க்கா. வளைய மாட்டேங்குது, அதனால வர்ற விசையெல்லாம் நேரா பூட்டுக்குப் போகுது.”

“மற்றாக்கள் என்னவாம்?”

“அவங்க நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. ஆனா உங்கள மாதிரி யாரும் அழுத்தி ஓட்டறதில்லையே. மேகன் உங்க படிவத்தைத்தான் முதல்ல பார்ப்பாங்க.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “டெயிலோட விறைப்பைக் குறைச்சுடறேன்னு சொல்லிடட்டுமா? அப்படியாச்சும் ஒத்துக்குவாங்களோ என்னவோ.”

“டெயிலைக் குறைச்சால் அது இரண்டாம் நம்பர்தானே.”

“தெரியுதுக்கா. எனக்கு மட்டும் ஆசையா?”

றொஷானி கொட்டகைக்கு நடந்தாள். தொப்பிக்குள்ளும் கழுத்துக்குள்ளும் பனி உருகி ஓடியது. கதவைக் காலால் தள்ளினாள்.

“இஞ்சாருங்கோ, என்ன பூட்டு வைச்சனீங்கள்? இரண்டு தரம் தூக்கி எறிஞ்சு போட்டுது. அந்தப் பிள்ளை அழுகிறாள் அங்கை.”

பொனிபஸ் எழும்பி அவளுடைய தொப்பியைக் கழற்றி உதறினார். நெற்றியில் ஒரு கீறல் இருந்ததைப் பார்த்தார்.

“பேப்பரிலை இருக்கிறதைத்தான் வைச்சனான்.”

“பேப்பரிலை என்ன இருக்கு?”

“நீர் எழுதினது இருக்கு.”

அவள் பேப்பரைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தாள். ஆறு என்பது எந்த நிறைக்கு என்று அதில் தெளிவாக இருந்தது. ஹீற்றர் கிர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வெளியே இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் போகும் வரைக்கும் பொறுத்தாள்.

“எழுபத்திநாலுக்கு வையுங்கோ,” என்றாள்.

“சரி.”

“அதுக்கு என்ன நம்பர்? ஏழோ?”

“நீர் சப்பாத்தைத் துடையும். அடியிலை ஐஸ் பிடிச்சிருக்கு,” என்றார் பொனிபஸ். அவள் குனிந்து சப்பாத்தின் அடியைச் சுரண்டினாள். அவர் பலகையை மடியில் வைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நாலு ஸ்குரூவையும் திருகினார்.

“இந்தாரும். கவனமாய்ப் போட்டு வாரும்.”

மூன்றாவது ஓட்டத்தை றொஷானி அதே இடத்தில் தொடங்கினாள். நாலாம் திருப்பம் வந்தபோது பயத்தில் பாதிப் பாரத்தைத்தான் போட்டாள். பிடித்தது. ஐந்தாவதில் முழுவதும் போட்டாள். பலகை வளைந்து, அவளை வாங்கி, அடுத்த பக்கத்துக்கு எறிந்தது. இரண்டு பக்கமும் பனி இடுப்புவரை எழும்பியது. அந்த யூக்கலிப்டஸ் மரத்தை, காலையில் விழுந்த தன் குழியை, அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு மனுசனை எல்லாம் தாண்டி வந்து, அடிவாரத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். ஒரே கோடு. வீட்டுக்காரன் வளவுக்குப் போட்ட வேலிபோல் ஒழுங்காக இல்லை, ஆனால் எங்கும் அறவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் குழந்தையும் என்னவென்று தெரியாமல் சிரித்தது. பிறகு நாலாம் ஓட்டம், ஐந்தாம் ஓட்டம். பசியே மறந்துவிட்டது.

மாலை, சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் விடுதியின் நீள மேசையில் கூடினார்கள். மேகன் படிவங்களை அடுக்கினார். றொஷானியுடையதை மேலே வைத்து, நாலாம் நம்பர் ஏன் இவளைக் கழற்றியது என்று கேட்டார். ப்ரீத்தி வாயைத் திறந்தாள். அதற்கு முன் றொஷானி ஆங்கிலத்தில் சொன்னாள், பலகையில் பிழை இல்லை, என் நிறையில்தான் பிழை, அறுபத்தைந்து என்று எழுதினேன், உண்மையில் எழுபத்துநான்கு. பூட்டை மாற்றிய பிறகு மூன்று தரம் இறங்கினேன், ஒரு தரமும் கழலவில்லை. நான் ஓடிய பலகைகளில் இதற்குத்தான் முதலிடம்.

றொஷானிக்குக் காது சுட்டது. பிறகு, தீயணைப்புப் படையில் வேலை செய்யும் நெடுத்த பெண் ஒருத்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் படிவத்தை ஒரு நிமிசம் திருப்பித் தர முடியுமா என்று மேகனிடம் கேட்டாள். அதன் பிறகு பள்ளிக்கூட ஆசிரியையும் கை நீட்டினாள். பேனா ஒன்றுதான் இருந்தது. அது மேசையைச் சுற்றி வந்தது. ஒவ்வொருத்தியும் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி மேசை முழுவதும் பரவியது. ஆறு பேரில் ஒருத்தியான மேகன்கூடத் தன் படிவத்தை எடுத்தார்.

ப்ரீத்தி புது எண்களைக் கணினியில் போட்டாள். போட்டுவிட்டு றொஷானியின் காதுக்குள் சொன்னாள்:

“ஆவரேஜ் ஆறு கிலோ ஏறிடுச்சுக்கா. பழைய கணக்குப்படி நான் போட்ட விறைப்பு ரொம்ப ஜாஸ்தி. எனக்கே பயமா இருந்துச்சு. இப்பப் பார்த்தா சரியா வருது.”

“பிழையாய்ப் போட்டது சரியாய் வந்திட்டுதோ?”

“நீங்க எல்லாரும் பொய் சொல்லுவீங்கன்னு எனக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்கும் போல.”

“உன்ர நிறை எவ்வளவு?”

“அம்பத்திரண்டு.”

“அதையும் ஒருக்காச் சோதிக்க வேணும்,” என்றாள் றொஷானி. ப்ரீத்தி அவள் கையில் நுள்ளினாள். வாக்கெடுத்தபோது நாலாம் நம்பருக்கு ஐந்து கை எழும்பின. ஆறாவது பெண் சாப்பாடு எடுக்கப் போயிருந்தாள்.

அடுத்த ஞாயிறு, அவர்கள் வீடு இருக்கும் கிரான்பர்னில் மழை. பூசை முடிந்து வந்து றொஷானி இறால் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது ப்ரீத்தி ஃபோனில் கூப்பிட்டாள். பொனிபஸ் அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார்.

“அக்கா, சாரி, லீவு நாள்ல. நாளைக்கு அச்சுக்குக் குடுக்கணும். அன்னைக்கு கழராம ஓடுச்சே, அப்ப பூட்டு எந்த நம்பர்ல இருந்துச்சு? உங்க வெயிட்டையும் அதையும் வச்சுத்தான் டெயிலோட கடைசிக் கணக்கு. ஏழுதானே?”

“ஏழுதான். பொறு பிள்ளை, அந்தச் சோடி இன்னும் கராஜிலைதான். பாத்தே சொல்லுறன்.”

நாலாம் நம்பரில் ஒரு பலகையைக் குசினிக்குள் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். கண்ணாடியில் தண்ணீர்க் கறை. முந்தானை இல்லாத வீட்டு உடுப்பின் நுனியால் துடைத்துவிட்டுக் குனிந்தாள். எட்டு. போய் மற்றப் பலகையையும் பார்த்துவிட்டு வந்தாள். எட்டு.

எட்டு எந்த நிறைக்கு என்று அவளுக்கு அட்டவணை தேவைப்படவில்லை. எழுபத்தொன்பதுக்கு மேலேதான் எட்டுத் தொடங்கும். பொனிபஸ் ஒரு நம்பரைத் தவறி வைக்கிற ஆள் அல்ல. வெங்காயக் கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நூற்றுப் பன்னிரண்டு. எயார்போர்ட்டில் இருபத்திரண்டு. வீணாக வெளியே எடுத்த பால்மாவும் சொக்லேற்றும் மச்சாளின் சப்பாத்தும், எட்டுக் கிலோ. அந்தத் தராசு பிழையில்லை. அந்த எட்டுக் கிலோவும் அவளுடையது.

“அக்கா? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கிறன். எட்டு எண்டு போடு.”

“எட்டா? அண்ணா மாத்தி வச்சுட்டாரா?”

“இல்லை. அவர் சரியாத்தான் வைச்சவர். நிறையை மாத்து. எண்பத்திரண்டு.”

ப்ரீத்தி எண்களைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “சரிங்க்கா. அப்ப டெயிலைத் தொடவே வேண்டாம்,” என்றாள். அவள் குரலில் சந்தோசம் தெரிந்தது. ஃபோனை வைத்தாள்.

றொஷானி வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுக் கதிரையில் இருந்தாள். பொனிபஸ் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டிருந்தார். சீனி எப்போதோ கரைந்திருக்கும். கரண்டி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

“இஞ்சாருங்கோ.”

“ம்.”

“எயார்போர்ட்டிலையே உங்களுக்குத் தெரியும், என்ன?”

பொனிபஸ் கரண்டியை எடுத்துக் கழுவி, துடைத்து, லாச்சிக்குள் அதன் இடத்தில் வைத்தார். ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பை. மற்றக் கையால் நாலாம் நம்பரை எடுத்து அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டார். கதவை முழங்கையால் தள்ளித் திறந்து, பலகையின் வால் நிலையில் இடிக்காமல் ஒருக்களித்துக் கராஜுக்குப் போனார்.